கடல் தாண்டிப் படிக்கப் போகிறவனின் தினசரிக் கணக்கு

(ஓர் ஆய்வுக் கட்டுரை)
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன், பிள்ளைச்சாவடி



வெளிநாடு என்ற சொல் நம் புதுச்சேரிக்குப் புதிது அல்ல. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரீசில் படிக்கிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. அவர்களுக்கு விசா தேவையில்லை. நம்மைப் போல இந்திய பாஸ்போர்ட் எடுக்க வேண்டியவர்கள் கதை வேறு.

நம் வகுப்பில் ஓய்வு நேரத்தில் இந்தப் பேச்சுதான் அடிக்கடி வருகிறது. எந்த நாடு, எந்த கோர்ஸ், எவ்வளவு சம்பளம் என்று எல்லாரும் பேசுகிறோம். ஆனால் அங்கே போய் இறங்கிய மறுநாள் காலையில் என்ன சாப்பிடுவோம், எங்கே துணி துவைப்போம், மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று யாரும் பேசுவதில்லை. ஊருக்கு வரும்போது சென்ட் பாட்டிலும் சாக்லெட்டும் கொண்டு வருகிறவர்களும் அதைச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

இதற்காக, முன்பு கடல் கடந்து படித்த மூன்று பேருடைய அன்றாட வாழ்க்கையைப் படித்தேன். காந்தியடிகள் (லண்டன், 1888 முதல் 1891 வரை), கணித மேதை ராமானுஜன் (கேம்பிரிட்ஜ், 1914 முதல் 1919 வரை), டாக்டர் அம்பேத்கர் (நியூயார்க், 1913 முதல் 1916 வரை, பிறகு லண்டன்). இவர்களோடு நான்காவதாக, எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர். பாரீசில் படிக்கிறார். ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கடற்கரையில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டேன். "பேர் மட்டும் போட்டுடாதடா" என்று சொல்லிவிட்டார்.

1. புறப்படும் முன்

காந்தியடிகள் 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 18தான். நம் வயது! படிப்புக்கு நாலைந்தாயிரம் ரூபாய் ஆகும் என்று குடும்ப நண்பர் ஒருவர் கணக்குச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அது போதாதென்று, கடல் கடந்து போகக் கூடாது என்று சாதிக் கூட்டம் தடுத்தது. அவருக்கு உதவி செய்பவர்களும், வழியனுப்பத் துறைமுகம் போகிறவர்களும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று தாயாரிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

போய் இறங்கிய அன்றே ஒரு சங்கடம். வெள்ளை ஃபிளானல் உடை போட்டுக்கொண்டு இறங்கினார். செப்டம்பர் கடைசியில் அந்த ஊரில் யாரும் வெள்ளை உடுத்துவதில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டி, சாவி எல்லாம் ஏஜெண்டிடம் போய்விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேறு. வெட்கத்தோடு அந்த உடையிலேயே இருந்தார் என்று 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார்.

இதிலிருந்து நாம் அறிவது: மாற்று உடையும் முக்கியமான காகிதங்களும் கையில் உள்ள பையில்தான் இருக்க வேண்டும்.

2. தங்கும் அறை

காந்தியடிகள் முதலில் இறங்கியது விக்டோரியா ஓட்டல். அங்கே 3 பவுன் பில் வந்தது. பயந்து போய் நண்பர்கள் உதவியோடு வேறு இடம் மாறினார். ஒரு விதவை அம்மையார் வீட்டில் கொஞ்ச நாள், பிறகு இரண்டு அறை எடுத்துத் தனியாக, கடைசியில் ஒரே அறை. வாரம் 8 ஷில்லிங் வாடகை.

டாக்டர் அம்பேத்கருக்குக் கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி மாணவர் நண்பரானார். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. பின்னாளில் படிப்பை முடிக்க மறுபடி லண்டன் போனபோது 5,000 ரூபாய் கடன் கொடுத்தவர் அவர்தான். சாதியின் பேரால் ஊரில் ஒதுக்கப்பட்டவருக்கு, அயல்நாட்டில் கிடைத்த ஓர் அறைத்தோழர் எவ்வளவு பெரிய துணை என்று பாருங்கள். 1921-22இல் அவர் தங்கியிருந்த லண்டன் வீட்டை (எண் 10, கிங் ஹென்றி சாலை) 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவு இல்லம் ஆக்கியிருக்கிறது.

இனி பாரீஸ் அண்ணன் சொன்னது. பாரீசில் பழைய மாடி வீடுகளின் உச்சியில், கூரைக்கு அடியில், ஒரு காலத்தில் வேலைக்காரர்கள் தங்கிய சிறு அறைகள் உண்டு. மாணவர்கள் பலர் அதில்தான் இருக்கிறார்கள். ஆறாவது மாடி, ஏழாவது மாடி. பல கட்டடங்களில் அந்த உயரத்துக்கு லிஃப்ட் கிடையாது. கழிவறை நாலு பேருக்குப் பொது. பிரெஞ்சுச் சட்டப்படி வாடகைக்கு விடும் வீட்டில் ஓர் அறையாவது 9 சதுர மீட்டர் இருக்க வேண்டும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவு இருக்க வேண்டும். 9 சதுர மீட்டர் என்பது சுமார் 97 சதுர அடி. "நம்ம வீட்டு வலை போட்டு வைக்கிற கொட்டகை அதைவிடப் பெரிசுடா" என்றார் அண்ணன்.

வாடகைக்கு வீடு தருகிறவர்கள் ஜாமீன் ஆள் கேட்பார்கள். வெளியூரிலிருந்து போனவனுக்கு யார் ஜாமீன் நிற்பார்? இதற்காக 'விசால்' என்ற பெயரில் இலவச உத்தரவாதத் திட்டம் அங்கே உள்ளது. மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். 1925இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பல்கலைக்கழக நகர் என்ற பெரிய மாணவர் குடியிருப்பும் பாரீசில் உண்டு. அதில் இந்திய இல்லம் என்றே ஒரு கட்டடம் இருக்கிறது. இடம் குறைவு, கேட்பவர் அதிகம்.

3. சாப்பாடு

பல பேர் வெளிநாட்டில் தடுமாறுவது இதில்தான். காந்தியடிகள் தாயிடம் செய்த சத்தியத்தால் மாமிசம் தொடவில்லை. வேகவைத்த கீரையும் ரொட்டியும் ஜாமும்தான் கிடைத்தன. இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க வெட்கம். வீட்டுக்கார அம்மாளின் பெண்கள் பரிதாபப்பட்டு இன்னும் ஒன்றிரண்டு துண்டு வைப்பார்களாம். முழு ரொட்டிக்குக் குறைந்த எதுவும் தன் பசிக்குக் காணாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறார். பிறகு தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவு விடுதியைத் தேடினார். ஃபாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்து வந்த பிறகு அன்றுதான் முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்டாராம்.

வேடிக்கை ஒன்றும் உண்டு. அங்கே பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் பரீட்சை மட்டும் எழுதினால் போதாது. சட்டக் கழகத்தில் குறிப்பிட்ட தடவை விருந்தும் சாப்பிட வேண்டும். நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்கள். இவர் குடிப்பதில்லை. அதனால் இவரைத் தங்கள் மேசையில் உட்கார வைக்க மற்ற மாணவர்களுக்குள் போட்டி!

ராமானுஜன் நிலைமை இன்னும் கடினம். 1914 ஏப்ரலில் போனார். சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு. கல்லூரி உணவுக்கூடத்தில் சாப்பிடாமல் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கிவிட்டால் நேரம் கெட்ட நேரத்தில்தான் சமையல். 1917இல் படுத்தவர் பிறகு முழுதாக எழுந்திருக்கவே இல்லை. காசநோய் என்று அன்று வைத்தியம் பார்த்தார்கள். அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நோய் எதுவானாலும், சரியான சாப்பாடு இல்லாத உடம்பு அதை எப்படித் தாங்கும்? 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் 32 வயதில் காலமானார்.

இன்றைய பாரீசில் மாணவர்களுக்கு அரசு உணவகங்கள் இருக்கின்றன. உதவித்தொகை பெறும் மாணவருக்கு 2020 முதல் ஒரு வேளைச் சாப்பாடு 1 யூரோவுக்குக் கிடைக்கிறது. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் என்ற தமிழ்க் கடைத்தெரு உண்டு. பெரும்பாலும் ஈழத் தமிழர் கடைகள். முருங்கைக்காய், கருவேப்பிலை, நெத்திலிக் கருவாடு எல்லாம் கிடைக்கும். 1985இல் அமைந்த மாணிக்க விநாயகர் கோயிலின் தேர் ஆண்டுதோறும் அந்தத் தெருக்களில் வருகிறது. "கிடைக்குதுன்னு தினம் வாங்க முடியுமா? ஞாயித்துக்கிழமை ஒரு பானை சாம்பார் வெச்சு, டப்பா டப்பாவா ஃப்ரிட்ஜில வெச்சுக்குவேன்" என்றார் அண்ணன். முதல் இரண்டு மாதம் அவருக்குச் சோறு வடிக்கவே தெரியாதாம். நம் வீடுகளில் ஆண்பிள்ளையை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை அல்லவா?

4. குளிர்

ராமானுஜன் குளிரால் தூக்கமில்லாமல் அவதிப்பட்டார். அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் (பின்னாளில் புள்ளியியல் மேதை) விசாரித்திருக்கிறார். ஓவர்கோட் போட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு படுப்பதாகச் சொன்னாராம். படுக்கையைப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு மடித்துச் செருகியபடி அப்படியே இருக்கின்றன. அவற்றை இழுத்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை! உலகமே வியந்த கணித மேதை. கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்பது தெரியாததில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை. கும்பகோணத்தில் அதற்குத் தேவை இல்லை, அவ்வளவுதான். தெரியாததைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாரீசில் டிசம்பரில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் விடியும். மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. காலை நாலு மணிக்கு எழுந்து கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வெயில் இல்லாததுதான் பெரிய கஷ்டம் என்றார் அண்ணன்.

5. கணக்கு நோட்டு

காந்தியடிகள் முதலில் கொஞ்ச நாள் ஆங்கிலேய கனவானாக மாற முயன்றார். 10 பவுனுக்கு உடை, 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, நடன வகுப்புக்கு 3 பவுன், வயலினுக்கு 3 பவுன். மூன்று மாதத்தில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டார். பிறகு ஒவ்வொரு காசையும் நோட்டில் எழுதினார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை எதையும் விடவில்லை. இரவு படுக்கும் முன் கணக்கைக் கூட்டிச் சரிபார்ப்பார். அறையை மாற்றினார். ஸ்டவ் வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சி, இரவில் ரொட்டியும் கோகோவும் தானே செய்துகொண்டார். மதியம் மட்டும் வெளியே. ஒரு நாள் உணவுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ். வாகனத்தில் போகாமல் தினம் எட்டு முதல் பத்து மைல் நடந்தார். அந்த நடைதான் நோயில்லாமல் காத்தது என்கிறார்.

வாரம் ஒரு பவுனில் லண்டனில் வாழ முடியும் என்று பின்னால் மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டியும் எழுதினார். நாம் கூட்டிப் பார்ப்போமா? 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன்.

உணவு (7 நாள்) — 8 ஷில்லிங் 9 பென்ஸ்
அறை வாடகை — 8 ஷில்லிங்
மொத்தம் — 16 ஷில்லிங் 9 பென்ஸ்
ஒரு பவுனில் மீதி — 3 ஷில்லிங் 3 பென்ஸ்

துணி வெளுக்க, கடிதம் போட, செய்தித்தாள் வாங்க எல்லாம் அந்த மீதியில்தான். வாடகை மட்டும் நூற்றுக்கு நாற்பது! இன்றும் பெருநகர மாணவன் பட்ஜெட்டை முதலில் விழுங்குவது வாடகைதான்.

ராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை ஆண்டுக்கு 250 பவுன். அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துத் தாயாருக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். அம்பேத்கருக்குப் பரோடா மன்னர் கொடுத்தது மாதம் பதினொன்றரை பவுன். அவரும் அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். அங்கே அரை வயிறு, இங்கே மணியார்டர். முதல் தலைமுறையில் படிக்கிறவன் தனக்காக மட்டும் செலவு செய்ய முடியாது. இது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

6. படிப்பு நேரமும் வேலை நேரமும்

லண்டனில் அம்பேத்கர் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே போய், மூடும்போதுதான் வெளியே வருவாராம். 1917இல் ஊர் திரும்பும்போது தனியாகக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள், போரில் அந்தக் கப்பல் மூழ்கியபோது கடலோடு போயின. மூன்று வருஷம் கழித்து மறுபடி போனார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார்.

இன்றைய மாணவன் படிப்போடு பகுதி நேர வேலையும் பார்க்கிறான். பிரான்சில் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். வாரக் கணக்கில் சுமார் 18½ மணி. ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். "பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்" என்று விளம்பரக்காரர்கள் சொல்வதை இந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணன் வாரம் மூன்று இரவு ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். கடைசி மெட்ரோவில் அறைக்குத் திரும்பிக் காலை வகுப்புக்குப் போகிறார். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கும் பஸ் பாஸுக்கும் சரியாகப் போகிறதாம்.

7. சொல்லாத செய்திகள்

இரவில் அம்மா நினைவு வந்து கண்ணீர் வழியும், யாரிடமும் சொல்ல முடியாது என்று காந்தியடிகள் எழுதுகிறார். 1891 ஜூன் 12ஆம் நாள் பாரிஸ்டராகக் கப்பல் ஏறினார். அம்மாவிடம் பட்டத்தைக் காட்ட ஆசையோடு பம்பாய் வந்தபோதுதான், அம்மா இறந்துவிட்ட செய்தியை அண்ணன் சொன்னார். அயல்நாட்டில் அந்த அதிர்ச்சி தாக்க வேண்டாம் என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். ராமானுஜனோ போரும் நோயும் தனிமையும் சேர்ந்து 1918 தொடக்கத்தில் உயிரை விடவும் துணிந்தார். நல்ல வேளையாகக் காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

இன்று வீடியோ காலில் முகம் பார்க்கலாம். நமக்கும் பாரீசுக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். ஆனாலும் அண்ணன் வீட்டில் "சாப்பிட்டியாப்பா?" என்றால் "சாப்பிட்டேம்மா" என்பார். சில நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். அவங்க அம்மாவும் "எல்லாம் நல்லா இருக்கோம்" என்பார்கள். அலையில் வீட்டுச் சுவர் விரிசல் விட்டதை ஆறு மாதம் சொல்லவே இல்லை. இரண்டு பக்கமும் பாசத்தால்தான் பொய் சொல்கிறார்கள். ஆனால் பசியையும் மனச்சோர்வையும் ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அறைத்தோழர், ஆசிரியர், மருத்துவர் யாராக இருந்தாலும் சரி.

8. நம்முடைய கணக்கு

ஜெர்மனிக்குப் படிக்கப் போக, 2024 செப்டம்பர் நிலவரப்படி, 11,904 யூரோ முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக எடுக்கலாம். கட்டணம் இல்லாத கல்லூரியிலும் இந்தப் பணம் காட்டாமல் நடக்காது.

வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை பிணை தேவையில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்பார்கள். 4 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் படிப்புக் கடனில் 15 சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்க மாட்டார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்தது நான்தான் முதல். "ஃபைபர் படகை வெச்சாவது உன்னை அனுப்பறேன்" என்கிறார் அப்பா. அந்தப் படகுதான் எங்கள் ஐந்து பேருக்கும் சோறு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. கடலில் வருமானம் நிற்கும். வட்டிக்குத் தடைக்காலம் கிடையாது. ஆகவே அப்பாவிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டி, படகைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்படியானால் போகவே கூடாதா? அது என் கருத்து அல்ல. வழி வேறு இருக்கிறது. டிப்ளமா முடித்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். எங்கள் ஊரிலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகு உதவித்தொகையோடு மேற்படிப்புக்குப் போகலாம். தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுக் கைவினைஞர் ஆகியோர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடந்துவருகிறது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் கொடுக்கிறார்கள். தகுதி உள்ள நண்பர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளவும்.

முடிவுரை

ஆய்வின் முடிவாக நான் கண்டவை:

அ. புறப்படும் முன் சோறு, குழம்பு, கஞ்சி மூன்றும் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும்.

ஆ. இன்றே கணக்கு நோட்டு போட வேண்டும். பத்து ரூபாய் டீயை எழுதாதவன் பத்து யூரோவையும் எழுத மாட்டான்.

இ. போகும் நாட்டின் மொழியில் நூறு வாக்கியமாவது பேசப் பழக வேண்டும். பாரீசில் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லாமல் விலை கேட்டால் மரியாதை இல்லாதவன் என்று நினைப்பார்களாம்.

ஈ. வேலை நேரம், வாடகை, வட்டி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் அப்பாவைக் கையெழுத்துப் போட விடக் கூடாது.

உ. தெரியாததைக் கேட்க வேண்டும். பசித்தால் இன்னொரு துண்டு ரொட்டி கேட்க வேண்டும்.

நான் கணக்கு நோட்டு ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. சாம்பார் சுமாராக வருகிறது. மீன் குழம்புக்கு அம்மா இன்னும் பாஸ் மார்க் போடவில்லை.